பின்வாசல்

ராத்திரி இரண்டே கால்.
போர்வையின் ஓரம் வலது கட்டைவிரலில் பட்டது.
முந்நூற்று நாற்பது கிராம் இருக்கும்,
பலமுறை துவைத்து நைந்த ஈரோட்டுத் துணி.
பத்து டன் என்றது விரல்.

எடையில் ஏமாறுகிறவள் இல்லை நான்.
வெள்ளக்கல்பட்டிச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம்
எடைமேடைக் குமாஸ்தா.
லாரி மேடை ஏறும்போதே சொல்வேன்
கல் எவ்வளவு, மண் எவ்வளவு,
டிரைவர் சீட்டுக்கடியில் கிடப்பது எவ்வளவு என்று.

"ஆம்பளைங்களுக்கு வர்றதுங்கம்மா இது"
என்றார் டாக்டர்,
அடுத்த வீட்டுத் தபாலை நான் பிரித்துவிட்டதுபோல.
பிறகு சீட்டில் வயதைப் பார்த்தார்.
"தூரம் நின்னு இருபது வருஷம் ஆயிருக்குமில்ல?
இனிமே உங்களுக்கும் உண்டு."
சம உரிமை
எந்தெந்தச் சந்து வழியாகவோ வந்து சேர்கிறது.

ஊசிகள் என்றார்.
கண்ணுக்குத் தெரியாத வெள்ளை ஊசிகள்.
ரத்தத்தில் கரையாமல் மிஞ்சிய யூரிக் ஆசிட்
உடம்பின் குளிர்ந்த மூலையாகப் பார்த்துப் படிகிறதாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஆயுள் முழுக்க வெள்ளைக்கல்லை வெளியே அனுப்பியவளுக்குள்ளே
லைசென்ஸ் இல்லாமல் ஒரு குவாரி.

கருவாட்டை விட்டேன். ஈரலை விட்டேன்.
ஈஸ்டர் அன்றைக்கு மட்டும் விடவில்லை,
அதற்கான தண்டனை திங்கட்கிழமையே வந்தது.

அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடம்.
அவர்கள் கேட்டது ரத்தமல்ல, மற்றது.
திருகுமூடி டப்பா, மூடியோடு ஒட்டிய குட்டிக் கரண்டி,
மேலே லேபிள்: கு. தெரஸ், 71, பெ.
டப்பாவை ஐஸ் பையிலும்
ஐஸ் பையை டிபன் பையிலும் வைத்து
பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுப் பையன் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தான்.
கண்டக்டர் என் மடியைப் பார்த்து,
"என்னம்மா, பொண்ணு வீட்டுக்குப் பலகாரமா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நௌஃபியா என்ற பெண் கையுறையோடு வாங்கிக்கொண்டாள்.
முகம் சுளிக்கவில்லை.
"எல்லாம் கிட்னி வழியாவே போறதில்லைம்மா.
மூணுல ஒரு பங்கு குடல் வழியா.
அங்க இருக்கிற சில பாக்டீரியா
யூரிக் ஆசிட்டைத் தின்னு வேற ஏதோவா மாத்திடுது.
காத்துப் படாத இருட்டுல வாழ்றதுங்க.
வயசானவங்க சில பேர்கிட்ட கம்மியா இருக்கோன்னு
எண்ணிப் பார்க்கிறோம்.
உறுதியா இன்னும் தெரியாது."

எனக்குத் தெரியும் அந்த வாசல்.
சுரங்கத்தின் முன்வாசலில் தராசு, பதிவேடு, நான்.
பின்வாசலில் கூடைக்காரர்கள்.
அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.
ஒரு மாசி மாதம்
புது மேனேஜர் அவர்களை ஒரே நாளில் நிறுத்தினார்.
பத்தாம் நாள் யார்டில் கல் கூரை மட்டத்துக்கு நின்றது.
மேக்னசைட் ஜங்ஷனில் காலி வேகன்கள்.
அன்றுதான் தெரிந்தது,
நான் எடை போடாமலே
எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்று.

சித்திரையில் பல் பிடுங்கினேன்.
ஏழு நாள் ஆன்டிபயாட்டிக், வேளை தவறாமல்.
ஈறு ஆறியது.
உள்ளே யார் யாரை வேலையைவிட்டு அனுப்பியது
என்று எனக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.
வைகாசியில் விரல் பழுத்தது.

"அதனாலதானாம்மா?" என்று கேட்டேன்.
"ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாதும்மா,
நானூறு பேர் வேணும்" என்றாள்.
நான் இருநூற்றுப் பதினேழாவது.

இப்போது இரண்டு நாற்பது.
போர்வையைக் கால்மாட்டில் தள்ளிவிட்டேன்.
ஜன்னலில், ஏற்காடு மலையில்
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்
ஒற்றை வண்டி விளக்கு இறங்குகிறது.
வயிற்றுக்குள் என்னவோ உருண்டது.
ஷிப்டு மாறுகிறார்களோ?
எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?
முப்பத்தோரு வருஷம் எண்ணியவளுக்கு
எண்ணத் தெரியவில்லை.
விடிவதற்குள்
ஒரு கூடை போனால்கூடப் போதும்.